பெயர் தெரியாத விடைத்தாள்

பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை மாநிலக் கல்விக் கொள்கை 2025 ஆகஸ்டில் நீக்கியது. அதிலிருந்து நம் சூழலில் ஒரு குரல் வலுத்துவருகிறது. இதோடு நிற்கக் கூடாது, பத்தும் பன்னிரண்டும் போக வேண்டும், தேர்வு என்பதே வன்முறை, பிள்ளையை அளக்க அதன் ஆசிரியர் போதும் என்று சக இதழொன்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறது. கல்விச் சிந்தனையாளர்கள் ஃப்ரெய்ரே வருகிறார், இல்லிச் வருகிறார், ஆங்கிலக் கல்வியைக் கொண்டுவந்த மெக்காலே கூண்டில் நிற்கிறார். நண்பர்கள் பலர் அதைப் படியெடுத்துப் பரப்புகிறார்கள். எழுதியவரின் நல்லெண்ணத்தை நாம் சந்தேகிக்கவில்லை. அவர் கேட்பது நடந்தால் முதல் அடி யார்மேல் விழும் என்று அவர் யோசித்திருக்க வேண்டும் என்கிறோம்.

அந்தப் பதினொன்றாம் வகுப்புத் தேர்வு ஏன் வந்தது என்பதே அதற்குள் மறந்துவிட்டது. கோழிப்பண்ணைப் பள்ளிகள் என்று மக்களே பெயர் வைத்த உறைவிடப் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தைத் திறக்காமல், பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு வருஷம் உருப்போட வைத்தார்கள். பாடத்தை ஒழுங்காக நடத்திய அரசுப் பள்ளிப் பிள்ளை ஒரே வருஷத்தில் படித்ததை, இவர்கள் இரண்டு வருஷம் படித்து எழுதினார்கள். அந்த அநியாயத்தைத் தடுக்கத்தான் 2018 மார்ச்சில் முதல் தேர்வு நடந்தது. அதே ஆண்டு, உயர்கல்விச் சேர்க்கைக்கு இந்த மதிப்பெண் கணக்கில் வராது என்று அறிவித்து அதன் பல்லைப் பிடுங்கினார்கள். பிறகு அது வெறும் சுமையானது உண்மை. சுமை இறங்கியது நல்லதே. ஆனால் பதினொன்றாம் வகுப்புப் புத்தகம் மறுபடி மூடப்படுமா என்ற கேள்வி அந்த நீண்ட கட்டுரையில் ஒரு வரியாகக்கூட இல்லை.

தேர்வுக் காலத்துக்கு முன்னால் தேர்வு மையமாக உள்ள எந்தப் பள்ளிக்குப் போனாலும் ஒரு வகுப்பறையில் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். மாணவரின் பெயர், படம், பதிவெண், பார்கோடு எல்லாம் அச்சாகி வந்த முகப்புத்தாளை விடைத்தாளோடு வைத்துத் தைத்துக்கொண்டிருப்பார்கள். ஆசிரியர்களுக்கு அது பெரிய வேலை. தாள் மாறிப்போனால் அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். தேர்வு முடிந்ததும் பெயரும் படமும் உள்ள பகுதியைக் கிழித்தெடுத்துவிடுவார்கள். திருத்தும் முகாமில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியரின் கைக்கு வருவது பெயரில்லாத தாள். எந்த ஊர், எந்தப் பள்ளி, யார் பெற்ற பிள்ளை என்று அவருக்குத் தெரியாது. கையெழுத்தும் விடையும் மட்டும் தெரியும்.

இந்தக் கிழிந்த தாளை நாம் இவ்வளவு பெரிதாகப் பேசுவது சிலருக்கு விசித்திரமாகப் படலாம். காவிரிக் கரையில் ஒரு பிள்ளையைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி, எந்தத் தெரு என்பது. கோயிலில் எங்கே நிற்பது, வயலில் யார் இறங்குவது, வரப்பில் யார் குடை பிடித்து நிற்பது எல்லாம் அந்த ஒரு பதிலில் தீர்மானமாகிவந்த மண் இது. தெருவின் பெயரைக் கேட்காமல் ஒரு பிள்ளையின் உழைப்பைப் படித்துப் பார்க்கும் ஓர் ஏற்பாடு இங்கே வந்து சேர எத்தனை தலைமுறை ஆயிற்று! மார்ச்சில் சம்பாத் தரிசில் உளுந்தும் பயறும் முற்றி நிற்கும். இரண்டு தேர்வுக்கு நடுவே விடுமுறை கிடைத்தால் அம்மாவோடு பயறு எடுக்கப் போகும் பிள்ளைகள் நம் வட்டத்தில் இன்றும் உண்டு. அந்தப் பிள்ளையின் தாளும் மிராசுதார் வீட்டுப் பிள்ளையின் தாளும் ஒரே கட்டில் போகின்றன.

ஆசிரியர் போதும் என்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் பாடத்துக்கு நூறில் பத்து மதிப்பெண் ஏற்கெனவே பள்ளியின் கையில்தான் இருக்கிறது. பெரும்பாலும் எல்லாருக்கும் பத்துக்குப் பத்து போட்டுவிடுகிறார்கள், நல்ல மனசோடு. ஆனால், “செய்முறைத் தேர்வுல கை வெச்சிடுவேன்” என்ற மிரட்டலைக் கேட்காமல் மேல்நிலைப் பள்ளியைத் தாண்டி வந்தவர் எத்தனை பேர்? அது யாரைப் பார்த்துச் சொல்லப்பட்டது, யாரைப் பார்த்துச் சொல்லப்படவில்லை என்பதையும் அவரவர் ஞாபகத்திலிருந்து எடுத்துப் பார்க்கலாம். நூறு மதிப்பெண்ணையும் அந்தக் கையில் கொடுக்கச் சொல்வது எந்த விடுதலைக் கல்வி?

அப்படியானால் மருத்துவ நுழைவுத் தேர்வான நீட்டும் பெயர் பார்ப்பதில்லையே, அதை ஏன் எதிர்க்கிறீர்கள் என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். திருத்துபவருக்குப் பிள்ளையின் பெயர் தெரியக் கூடாது. கேள்வி கேட்பவருக்கு அந்தப் பிள்ளைக்கு என்ன பாடம் நடந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் பொதுத்தேர்வு. நீட்டுக்கு இரண்டாவது தெரியாது, தெரிந்துகொள்ளும் உத்தேசமும் இல்லை. பள்ளியில் பன்னிரண்டு வருஷம் படித்ததை ஓரமாக வைத்துவிட்டு, பயிற்சி மையத்தில் இன்னொரு முறை காசு கட்டிப் படித்துவிட்டு வா என்கிறது. நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021இல் தந்த அறிக்கையில் உள்ள கணக்கு இது: மருத்துவப் படிப்பில் சேர்ந்தவர்களில் முந்தைய ஆண்டுகளில் பள்ளி முடித்துவிட்டு மறுமுறை முயன்றவர்கள் 2016-17இல் 12.47 சதவீதம், 2020-21இல் 71.42 சதவீதம். பள்ளி முடித்த பிறகும் ஒன்றிரண்டு வருஷம் சம்பாதிக்காமல், பயிற்சிக் கட்டணமும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க எந்த வீட்டால் முடியும்? நாம் இதை முன்பே பட்டுத் தெரிந்துகொண்டவர்கள். 1984இல் கொண்டுவந்த தொழிற்கல்வி நுழைவுத் தேர்வை, முனைவர் அனந்தகிருஷ்ணன் குழுவை வைத்து ஆராய்ந்து, 2006இல் சட்டம் போட்டு விலக்கிய மாநிலம் இது.

இங்கே பார்பியானாவைப் பேசாமல் இருக்க முடியவில்லை. ஃப்ளாரன்ஸுக்குப் பக்கத்து மலைக் கிராமத்தில் பாதிரியார் மிலானியிடம் படித்த எட்டுப் பையன்கள், தங்களைத் தோல்வியடையச் செய்த ஆசிரியைக்கு எழுதிய கடிதம் 1967இல் வந்தது. ஒரு காலத்தில் நம்மில் பலர் அதைக் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தோம். தேர்வை அவ்வளவு கோபமாகத் திட்டிய புத்தகம் வேறில்லை. ஆனால் அந்தப் பையன்கள் வெறுமனே திட்டவில்லை. தோற்றவர்கள் யார், அவர்கள் தகப்பனுக்கு என்ன தொழில் என்று பள்ளிக் கணக்குகளைப் புரட்டி எண்ணினார்கள். குடியானவன் மகன் தோற்கிறான், மேல்தட்டு வீட்டு மகன் தேறுகிறான் என்பதை எண்ணிக்கையாக நாட்டின் முன்னால் வைத்தார்கள். பதிவேடு இருந்ததால் அது முடிந்தது. ராஜன் குழுவும் அதைத்தான் செய்தது. தேர்வுப் பட்டியல் இல்லாத பள்ளியிலும் ஏழைப் பிள்ளை பின்தங்கத்தான் செய்யும். அதை நிரூபிக்கச் சாட்சி இருக்காது.

ஆசிரியரே அளக்கும் அழகு நமக்குத் தெரியாததல்ல. நம் பக்கத்து மாயூரத்தில், இன்றைய மயிலாடுதுறையில், 1871இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை முன்னால் பதினாறு வயது உ.வே.சாமிநாதையர் நடுங்கிக்கொண்டு நைடதத்திலிருந்து ஒரு பாட்டைச் சொல்லி, பொருளும் சொன்னார். அவ்வளவுதான் தேர்வு. பிள்ளையவர்கள் கேட்டது அந்தப் பையனுக்குத் தெரிந்த நூலிலிருந்து. பிறகு திருவாவடுதுறையில் நடந்த பாடம் தமிழின் பாக்கியம். அதைப் படிக்கும்போதெல்லாம் மனம் நெகிழ்கிறது. ஆனால் அந்தக் காலத்துத் திண்ணைகளின் வாசல்வரை வரவே முடியாதவர்கள் இந்த ஊர்களில் பாதிப் பேர் இருந்தார்கள். எந்தக் குருவும் அவர்களை அளக்கவில்லை. அவர்கள் பெயர் முதன்முதலாக ஏறிய பட்டியல், பள்ளித் தேர்வின் பட்டியல்.

குறைகளை நாமும் சொல்கிறோம். புத்தகத்தின் பின்பக்கக் கேள்வியை அப்படியே கேட்கும் வினாத்தாள் மனப்பாடத்தைத்தான் அளக்கிறது. ரேங்க் அறிவிப்பை 2017இல் நிறுத்தியும், பள்ளி வாசல்களில் பிள்ளைகளின் படம் போட்ட ஃப்ளெக்ஸ் வைப்பது நிற்கவில்லை. ஐந்திலும் எட்டிலும் பொதுத்தேர்வு என்று 2019இல் கிளம்பியதை மக்கள் எதிர்த்து 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற வைத்தது சரி; பத்து வயதுப் பிள்ளையைத் தோல்வி என்று வீட்டுக்கு அனுப்ப யாருக்கும் உரிமை கிடையாது.

இப்போது செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. இனி பதினொன்றாம் வகுப்பின் ஆண்டுத் தேர்வைப் பள்ளிகளே திருத்தும். அப்படித் திருத்தும்போது குத்தாலத்துத் தாள்கள் சீர்காழிக்கும், சீர்காழித் தாள்கள் தரங்கம்பாடிக்கும் பெயரை மறைத்துப் போகட்டும். மதிப்பெண் பட்டியல் பள்ளி வாரியாக, பாடவாரியாக மாவட்டக் கல்வி அலுவலகத்தில் யார் கேட்டாலும் பார்க்கக் கிடைக்கட்டும். எந்தப் பள்ளி பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை நடத்தவில்லை என்பது ஒரே ஆண்டில் தெரிந்துவிடும். தேர்வே வேண்டாம் என்று எழுதும் நண்பர்கள் இந்தக் கோரிக்கையில் நம்மோடு கையெழுத்திடத் தயாரா என்று கேட்கிறோம். பதிலை அடுத்த இதழில் வெளியிடுவோம்.