பல் டாக்டரின் இணையதளத்துக்குப் பளபளப்பு எதற்கு?

பல் வலி சொல்லிவிட்டு வருவதில்லை. சென்னையில் இருப்பவருக்கு வந்தால், இரண்டு தெரு தாண்டினால் பல் டாக்டர். ஜவ்வாது மலையில் இருப்பவருக்கு வந்தால்?

ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் வாழ்வோர் பெரும்பாலும் 'மலையாளி' என்னும் பழங்குடி மக்கள். (கேரளத்து மலையாளிகள் அல்ல, இவர்கள் வேறு.) சாமை விதைப்பவர்கள், தேன் எடுப்பவர்கள். பல்லுக்குப் பெரிய வைத்தியம் என்றால் போளூர், திருப்பத்தூர் என்று மலைப்பாதையில் பஸ் பிடித்து இறங்க வேண்டும்.

கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தால், கதவில் பூட்டு! "டாக்டர் சாயந்திரம் ஐந்து மணிக்குத்தான் வருவார்" என்கிறார் பக்கத்துக் கடைக்காரர். அதுவரை இருந்தால் திரும்பிப் போகப் பஸ் கிடைக்குமோ, கிடைக்காதோ! அன்றையக் கூலியும் போயிற்று.

இந்த ஒரு நாளைக் காப்பாற்றுவதுதான் பல் டாக்டர் வைக்கும் இணையதளத்தின் முதல் வேலை.

ஆனால் பல இணையதளங்களைத் திறந்தால் என்ன தெரிகிறது? எந்த நாட்டுக்காரரோ, வெள்ளை வெளேரென்று பல்லைக் காட்டிச் சிரிக்கிறார். படம் ஓடுகிறது. எழுத்தெல்லாம் இங்கிலீஷ். டெலிபோன் எண்ணைத் தேடுவதற்குள் வலி இரட்டிப்பாகிறது!

முதல் பக்கத்தில் என்ன?

டாக்டர் பெயர், பட்டம், பதிவு எண். எந்தெந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை. எந்தப் பஸ் நிறுத்தத்தில் இறங்க வேண்டும். தொட்டால் போதும், பேசலாம் என்பது போல் டெலிபோன் எண், பெரிய எழுத்தில். எல்லாம் தமிழில். பல் பிடுங்க, அடைக்க ஏறத்தாழ என்ன செலவு என்பதையும் போட்டுவிடலாம். பல டாக்டர்கள் இதற்குத் தயங்குகிறார்கள். தயங்கத் தேவையில்லை. செலவு தெரியாத பயத்தால்தான் பலர் பல் முழுதும் சொத்தையாகும் வரை வீட்டிலேயே கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொன்றும் அவசியம். முகம் வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ, விழுங்க முடியாவிட்டாலோ காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்; 108-ஐ அழைக்கலாம். இந்த இரண்டு வரி ஓர் உயிரைக் காக்கும்.

"எங்களைப் போல் டாக்டர் இல்லை" என்ற தம்பட்டம் வேண்டாம். பல் மருத்துவர்களுக்கான ஒழுக்க விதிகளும் விளம்பரம் செய்து ஆள் பிடிப்பதை ஒப்புவதில்லை.

கனம் குறையட்டும்!

இதே மலையில்தான் காவலூர் வானாய்வுக்கூடம் இருக்கிறது. 1977-ல் யுரேனஸ் கிரகத்தின் வளையங்களைக் கண்டறிந்தவர்களில் காவலூர்க்காரர்களும் உண்டு. அத்தனை தூரம் பார்த்த மலையில், செல்போனுக்குச் சிக்னல் கிடைக்காத இடங்கள் உண்டு! படங்கள் நிறைந்த பக்கம் அங்கே திறக்காது. 1991-ல் ஜெனீவா அருகே செர்ன் ஆராய்ச்சிக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ வெளியிட்ட முதல் இணையதளத்தில் வெறும் எழுத்துதான், படம் கிடையாது. விஷயத்தைச் சொல்ல அது போதுமானதாக இருந்தது.

நேரத்தையும் எண்ணையும் படமாக ஒட்டுவது இன்னொரு தவறு. எழுத்தாக இருந்தால்தான், எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கு அவர் செல்போனே வாசித்துக் காட்ட முடியும்.

டாக்டர் ஊருக்குப் போனால் அன்று காலையிலேயே "இன்று விடுமுறை" என்று மாற்ற வேண்டும். அதை ஆஸ்பத்திரிச் சிப்பந்தியே செய்யும்படி பக்கம் அமைய வேண்டும்.

தளம் அமைப்பவர் அதைத் தம் மேஜையில் பார்த்துத் திருப்தி அடைந்தால் போதாது. பழைய செல்போன் ஒன்றை எடுத்துக்கொண்டு ஜமுனாமரத்தூர் பஸ் நிலையத்தில் நின்று திறந்து பார்க்கட்டும். திறக்கவில்லையா? சிரிக்கும் அந்த வெள்ளைப் பற்களை முதலில் பிடுங்கட்டும்!