தாயம் விழும் வரை சும்மா உட்கார வேண்டுமா?

கம்ப்யூட்டர் வாங்கியதும் பிள்ளைகள் முதலில் கேட்பது, "இதில் என்ன கேம் இருக்கிறது?" என்பதுதான். ஒரு மாறுதலுக்கு, ஒரு கேம் எப்படி அமைந்திருக்கிறது என்பதைக் கம்ப்யூட்டரில் சோதித்துப் பாருங்களேன். அதற்கு நம் தாயக்கட்டமே போதும். சேலம், நாமக்கல் பக்கம் தாயம் தெரியாத பாட்டிகள் குறைவு.

இரண்டு பித்தளைத் தாயக்கட்டைகள். ஒவ்வொன்றிலும் 0, 1, 2, 3 என்று நான்கு பக்கங்கள். ஆக, 16 விதமாக விழலாம். அதில் தாயம், அதாவது ஒன்று, விழுவது 2 விதத்தில் மட்டுமே. எட்டில் ஒரு வாய்ப்பு. தாயம் விழாமல் காயை இறக்க முடியாது.

எக்செல்லைத் திறந்து, அடுத்தடுத்த இரண்டு செல்களில் 'ரேண்ட்பிட்வீன்' ஃபார்முலா மூலம் 0 முதல் 3 வரை எண் வரச் செய்யுங்கள். மூன்றாவது செல்லில் இரண்டையும் கூட்டுங்கள். இதை 1000 வரிசைக்குக் கீழே இழுத்து விடுங்கள். எஃப்9 கீயை அழுத்தும் ஒவ்வொரு முறையும் 1000 தடவை உருட்டியதாக அர்த்தம். தாயம் 125 தடவையை ஒட்டி விழும். எக்செல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீசில் செய்யலாம்.

5 முறை உருட்டியும் தாயம் விழாமல் போக 51 சதவீத வாய்ப்பு உண்டு. சின்னப் பிள்ளை பாதியில் எழுந்து டி.வி. பக்கம் போவதற்குக் காரணம் இதுதான். பொறுமைக் குறைவு அல்ல, விதியின் அமைப்பு.

ஐரோப்பியர்கள் இந்த இடத்தில்தான் கவனம் வைத்தார்கள். ஜெர்மனியின் கிளாஸ் டாய்பர் உருவாக்கி 1995-ல் வெளிவந்த 'கட்டான்' விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பகடையை யார் உருட்டினாலும், அந்த எண்ணுள்ள நிலத்தை ஒட்டி வீடு கட்டிய எல்லோருக்கும் விளைபொருள் கிடைக்கும். அடுத்தவர் முறையிலும் உங்களுக்கு வேலை இருக்கும். 'பிசினஸ்' ஆட்டத்தில் காசு தீர்ந்தவர் வெளியேற வேண்டும். கட்டானில் யாரும் வெளியேறுவதில்லை. முதலில் 10 புள்ளி எடுப்பவர் ஜெயிப்பார். அதிர்ஷ்டம் உண்டு. ஆனால் வீட்டை எங்கே கட்டுவது, யாரிடம் என்ன பண்டமாற்று செய்வது என்பது உங்கள் கையில்.

அதற்காகத் தாயத்தைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. மலை ஏறப்போகும் காயை வெட்டும் சந்தோஷம் எந்த ஜெர்மன் ஆட்டத்துக்கும் குறைந்ததல்ல. நமக்கு இல்லாதது ஒன்றுதான்: எழுதி வைத்த விதி. கட்டான் பெட்டியில் விதிப் புத்தகம் இருக்கிறது, உருவாக்கியவர் பெயரும் இருக்கிறது. நம் விதிகளோ ஊருக்கு ஊர் மாறுகின்றன. பெரும்பாலும் பெரியவர்கள் நினைவில் மட்டும் இருக்கின்றன. அவர்களோடு அந்த ஊரின் ஆட்டமும் போய்விடும்.

பழைய விதியில் கை வைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். முதலில் உள்ளதை உள்ளபடி பதிவு செய்வோம். பாட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்து, தாயம், பல்லாங்குழி, ஆடுபுலி ஆட்ட விதிகளைத் தமிழில் டைப் செய்யுங்கள். ஊர்ப் பெயரைப் போட்டு சேவ் செய்யுங்கள். பிறகு அதை காப்பி எடுத்து ஒரே ஒரு விதியை மாற்றுங்கள். உதாரணமாக, 5 விழுந்தாலும் காயை இறக்கலாம் என்று வைத்தால் வாய்ப்பு எட்டில் இரண்டாகிறது. விளையாடிப் பாருங்கள். பிள்ளை எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தால் உங்கள் விதி ஜெயித்துவிட்டது.