குளிர் போட்ட வேலி



மார்கழிக் காலையில் போர்வைக்குள் சுருண்டு கிடக்கிறீர்கள். வெயில் ஏறியதும் தெருவுக்கு ஓடிவிடுகிறீர்கள். தண்ணீரில் வாழும் நத்தையும் இப்படித்தான்! ஆனால், ஒரு வித்தியாசம். வெளியே எவ்வளவு குளிர்ந்தாலும் நம் உடம்பு சுமார் 37 டிகிரி செல்சியஸ் வெப்பத்தைக் காத்துக்கொள்ளும். நத்தையால் அது முடியாது. தண்ணீர் எவ்வளவு சூடோ, அதன் உடம்பும் அவ்வளவு சூடு. எவ்வளவு தின்பது, எப்போது முட்டையிடுவது, எப்போது தூங்குவது எல்லாவற்றையும் தண்ணீரின் வெப்பமே முடிவு செய்கிறது.

'நத்தை தூங்கினால் என்ன, விழித்தால் என்ன?' என்கிறீர்களா? நெல் விவசாயியைக் கேட்டுப் பாருங்கள்!

தென் அமெரிக்காவின் ஆறு, குளங்களில் வாழ்வது பொன் ஆப்பிள் நத்தை. வளர்த்து, சமைத்து விற்கலாம் என்று 1980 வாக்கில் அதைத் தைவானுக்குக் கொண்டு வந்தார்கள். 1981-ல் அது ஜப்பானுக்கும் போனது. பிறகு பிலிப்பைன்ஸ், தாய்லாந்து, வியட்நாம் என்று பரவியது. வாங்கிச் சாப்பிடத்தான் ஆளில்லை! விற்காத நத்தைகளைக் கைவிட்டார்கள். அவை வாய்க்கால் வழியாக வயலுக்குள் புகுந்தன. இளம் நாற்றுகளைக் கடித்துத் தின்றன. இன்று உலகின் மிக மோசமான 100 அந்நிய உயிரினங்களின் பட்டியலில் இதுவும் ஒன்று.

வெதுவெதுப்பான தண்ணீர் இதற்குக் கொண்டாட்டம். அர்ஜென்டினாவில் ஓர் ஆய்வு நடந்தது. எப்போதும் 25 டிகிரி தண்ணீரில் இருந்த நத்தைகள் இடைவிடாமல் முட்டையிட்டன. ஓராண்டுக்குச் சற்று அதிகமாக வாழ்ந்து மடிந்தன. குளிரும் வெயிலும் மாறி மாறி வந்த தண்ணீரில் இருந்தவை 4 ஆண்டுகள் வரை வாழ்ந்தன. ஆனால், பருவம் பார்த்துத்தான் முட்டையிட்டன. ஒரு கொத்தில் நூற்றுக்கணக்கான முட்டைகள்! குளிர் இல்லாத ஊரில் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

ஜப்பானில் குளிர்காலம் உண்டு. தண்ணீர் குளிரக் குளிர நத்தை மந்தமாகிறது. தீனியை விட்டுவிட்டு, ஓட்டின் வாயை மூடிக்கொண்டு சேற்றுக்குள் போய்விடுகிறது. கடுங்குளிரில் ஏராளமானவை செத்துப்போகும். அங்குள்ள விவசாயிகள் இதையே ஆயுதமாக்கினார்கள். குளிர்காலத்தில் வயலை உழுது, பதுங்கிய நத்தைகளை மேலே கொண்டு வந்து குளிரில் விடுகிறார்கள். நடவு முடிந்ததும் தண்ணீரை ஆழமில்லாமல் வைக்கிறார்கள். தண்ணீர் குறைந்தால் நத்தையால் சரியாகத் தின்ன முடியாதே!

ஆனால், நத்தையும் லேசுப்பட்டதல்ல. குளிர் மெல்ல மெல்ல வந்தால், அதன் உடம்பில் கிளிசரால் என்ற பொருள் கூடுகிறது. அப்படித் தயாரான நத்தை, தயாராகாத நத்தையைவிட நன்றாகக் குளிரைத் தாங்குவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்.

குட்டீஸ்களே, குளிர்தான் இந்த நத்தைக்கு இயற்கை போட்ட வேலி. பூமி சூடாகி வருகிறது, குளிர்காலம் இதமாகிறது. அதாவது, வேலியின் உயரம் குறைகிறது. முன்பு நத்தை பிழைக்க முடியாத இடங்களிலும் இனி பிழைக்கலாம். நம் ஊரைப் போன்ற வெப்பமான இடங்களிலோ அந்த வேலியே கிடையாது!

அதற்காக நம் வயல் நத்தைகளைக் கண்டு பயப்படாதீர்கள். அவை இந்த மண்ணுக்கே உரியவை. நத்தை குத்தி நாரைக்கு உணவு. ஈரமண்ணில் வெள்ளை முட்டை இடும். பொன் ஆப்பிள் நத்தையோ தண்ணீருக்கு மேலே, செடித் தண்டிலும் கரையிலும் பளிச்சென்ற இளஞ்சிவப்பு முட்டைக் கொத்துகளை ஒட்டிவைக்கும்.

உங்களால் முடிந்த ஒரு காரியம் உண்டு. வீட்டு மீன் தொட்டியில் உள்ள நத்தை, மீன், செடி எதுவும் அலுத்துப்போனால், 'பாவம், பிழைத்துப் போகட்டும்' என்று குளத்திலோ வாய்க்காலிலோ விடாதீர்கள். வாங்கிய கடையிலோ, வளர்க்க விரும்பும் நண்பரிடமோ கொடுங்கள். ஆசியாவின் வயல்களில் நத்தை தானாக வந்து புகவில்லை. மனிதர்கள் கொண்டு வந்தார்கள், மனிதர்களே கைவிட்டார்கள்.

குளிர் இல்லாத ஊரில் நீங்கள்தான் வேலி. காப்பீர்கள்தானே?

அன்புடன்,
ஆசிரியர்