படகில் ஏறிய பேசும் பெட்டி!

விடிவதற்கு முன்பே பிள்ளைச்சாவடி விழித்துக் கொள்ளும்.

புதுவைக்கு வடக்கே, காலாப்பட்டை ஒட்டி உள்ள மீனவர் ஊர் இது. படகைக் கடலில் தள்ளும் முன் வலை, எண்ணெய், குடிதண்ணீர், சோறு எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துக் கொள்வார்கள். இப்போது இன்னொரு பொருளும் சேர்ந்து விட்டது. பாலித்தீன் பையில் சுற்றிய செல்போன்!

பாட்டனார் நட்சத்திரத்தைப் பார்த்தார். நீரோட்டத்தைப் பார்த்தார். பேரன் செல்போனையும் பார்க்கிறான். காற்றின் வேகம், அலையின் உயரம், மீன் கிடைக்கக் கூடிய இடம் எல்லாம் அதில் வருகிறது. ஐதராபாத்தில் உள்ள 'இன்காய்ஸ்' என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையம் இவற்றை அனுப்புகிறது.

ஆனால் கரையை விட்டு 10, 12 கிலோ மீட்டர் போனால் செல்போன் ஊமையாகி விடும். கோபுரத்தின் அலை அதற்கு மேல் எட்டாது. புயல் வரும் சேதி, வீட்டில் இருப்பவனுக்குத் தெரியும். நடுக்கடலில் இருப்பவனுக்குத் தெரியாது. யாருக்குத் தெரிய வேண்டுமோ, அவனுக்கே தெரியாது!

2017-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி கன்னியாகுமரியைத் தாக்கிய ஒகி புயலில் இதுதான் நடந்தது. பல நாட்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குப் போய் விட்டவர்களுக்குச் சேதி சொல்ல வழி இல்லை. குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் எத்தனையோ குடும்பங்கள் கரையில் நின்று கதறின.

காதும் வாயும்

அதன் பிறகு, 2019-ல் 'ஜெமினி' என்ற சிறு பெட்டி வந்தது. செயற்கைக் கோளில் இருந்து வரும் எச்சரிக்கையை இது வாங்கும். கம்பி இல்லாமலே பக்கத்தில் உள்ள செல்போனுக்குக் கொடுக்கும். நல்ல பெட்டிதான். ஆனால் இதற்குக் காது உண்டு, வாய் கிடையாது. "படகு மூழ்குகிறது, காப்பாற்றுங்கள்" என்று இதில் சொல்ல முடியாது.

அப்படிச் சொல்வதற்கு 2010-ல் இருந்தே வேறொரு கருவி இருந்தது. 'இஸ்ரோ' விஞ்ஞானிகள் செய்தது. பொத்தானை அழுத்தினால், படகு இருக்கும் இடத்தோடு அபாயச் சேதி கடலோரக் காவல் படையின் சென்னை மையத்துக்குப் போகும். வேடிக்கை என்னவென்றால், இதற்கு வாய் உண்டு, காது கிடையாது! அழுத்தியவன், சேதி போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமல் இருட்டில் காத்திருக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரம் அவனுக்கு எப்படி இருந்திருக்கும்?

2024-ல்தான் இந்தக் குறை தீர்ந்தது. புதிய கருவியில் பொத்தானை அழுத்தினால், "சேதி கிடைத்தது" என்று பதில் வருகிறது. புயல் எச்சரிக்கையும் அதிலேயே வருகிறது.

நல்லவாட்டில் நடந்தது

பெட்டி மட்டும் இருந்தால் போதுமா? புதுவைக்குத் தெற்கே உள்ள நல்லவாட்டைக் கேட்டால் சொல்லும்.

எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுவை கிராமங்களில் தகவல் மையங்களை அமைத்தது. அலை நிலவரம் ஒலிபெருக்கியில் சொல்லப்படும். நல்லவாட்டிலும் அப்படி ஒரு மையம் இருந்தது.

2004 டிசம்பர் 26. சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர் இளைஞர் ஒருவர், ஆழிப் பேரலைச் சேதி அறிந்து வீட்டுக்கு டெலிபோன் செய்தார். "உடனே ஊரை விட்டு ஓடுங்கள்!" என்றார். ஊரார் மையத்தின் கதவை உடைத்தார்கள். ஒலிபெருக்கியில் அலறினார்கள். 3,000-க்கும் மேற்பட்ட மக்கள் உயிர் தப்பினார்கள். வீடுகளும் படகுகளும்தான் போயின.

அன்று உதவியது ஒரு டெலிபோனும், ஒரு பழைய ஒலிபெருக்கியும், கதவை உடைக்கத் தயங்காத நாலு பேரும்தான். புதிய பெட்டிக்கும் அந்த நாலு பேர் வேண்டும். நள்ளிரவில் மணி அடித்தால், கரையில் எழுந்து ஓடி வர ஆள் இருக்க வேண்டும்.

இருவழியும் பேசும் கருவியை 1 லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டத்தை 2024 ஆகஸ்டில் மத்திய அரசு தொடங்கியது. புதுவை உட்பட எல்லாக் கடலோரப் பகுதிகளுக்கும் இது உண்டு. விசைப்படகுக்குக் கிடைக்கும். மோட்டார் வைத்த படகுக்கும் கிடைக்கும். துடுப்புப் போடும் கட்டுமரத்துக்கு அதில் இடம் இல்லை. அதற்குத் துணை, பாலித்தீன் பையில் சுற்றிய அந்தச் செல்போன்தான்.