மிதிவண்டியும் முழங்காலும்

பதினோராம் வகுப்பு மாணவ மாணவியருக்கு அரசாங்கம் வழங்கும் விலையில்லா சைக்கிள்கள் பள்ளிக்கு வந்து இறங்கும் தினத்தில் பிரமுகர்கள் பேசுகிறார்கள், புகைப்படம் எடுக்கிறார்கள், பிள்ளைகள் மணியை அடித்துப் பார்த்து ஆனந்தப்படுகிறார்கள். ஆனால் அந்த வண்டியின் சீட்டு அதில் ஏறப்போகும் பிள்ளையின் காலுக்குப் பொருந்துகிறதா என்று ஸ்பேனரும் கையுமாக நின்று பார்க்கும் ஒரு மனிதரை அந்தக் கூட்டத்தில் காண்பது அரிது. சில மைல் மிதித்த பிறகு தொடை கடுக்கிறது, முட்டி வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால், போகப் போகப் பழகிவிடும் என்று பெரியவர்கள் சமாதானம் சொல்கிறார்கள். பல சமயங்களில் குற்றம் காலில் இல்லை, சீட்டின் உயரத்தில் இருக்கிறது என்பதே என் அபிப்பிராயம்.

நம்மவர்கள் சீட்டின் உயரத்தைத் தரையைக் கொண்டு நிர்ணயிக்கிறார்கள். உட்கார்ந்தபடியே இரண்டு பாதங்களும் மண்ணில் பதிந்தால்தான் அவர்களுக்குத் தைரியம். கற்றுக்கொள்பவருக்கு இது நியாயமே. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தோடு சைக்கிள் பழகிய ஆயிரக்கணக்கான பெண்களிடம் போய் யாராவது முட்டியின் கோணத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்திருந்தால் அது அதிகப்பிரசங்கித்தனமாகவே இருந்திருக்கும். ஆனால் பழகி முடித்த பின்னும் சீட்டு தாழ்ந்தே கிடப்பதுதான் விபரீதம். பெடல் மிகக் கீழே வரும்போதும் தரைக்கு மேல் ஏறக்குறைய நான்கு அங்குலத்தில் இருப்பதால், தரைக்கு எட்டும்படி அமைத்த சீட்டில் கால் ஒருபோதும் நீள முடியாமல், மடங்கிய முட்டியோடே தொடைத் தசை பாரம் முழுவதையும் தள்ள, முட்டிச் சில்லு தொடை எலும்பின்மீது ஓயாமல் அழுந்துகிறது.

கவட்டிலிருந்து தரைவரை உள்ள கால் நீளத்தை 100 என்று கொண்டால், தாழ்ந்து நிற்கும் பெடலிலிருந்து சீட்டின் மேற்புறம் 109 இருப்பது உழைப்புக்கு அனுகூலமானது என்று 1967-ல் இங்கிலாந்தில் ஹாம்லி, தாமஸ் என்ற ஆராய்ச்சியாளர் இருவர் கண்டார்கள். அளவு நாடா வேண்டாதவர்கள், சுவரில் கையூன்றிச் சீட்டில் அமர்ந்து, கீழே நிற்கும் பெடலில் குதிகாலை வைத்துப் பார்க்கலாம். கால் நேராக நீண்டால், முன்பாதத்தால் மிதிக்கும்போது முட்டி இலேசாக மடங்கி நிற்கும். இந்த முறையில் சீட்டு அந்த 109-ஐவிடத் தாழ்வாகவே அமையும். அன்றாடச் சவாரிக்கு அதனால் தோஷமில்லை. அளவுக்கு மீறி உயர்த்தினால் இடுப்பு இருபுறமும் ஆடும், முட்டியின் பின்புறம் இழுக்கும்.

அப்படியானால் நிறுத்தும்போது கால் எட்டாதே என்பார்கள். சீட்டிலிருந்து முன்னால் நழுவி இறங்கி ஒரு காலை ஊன்றுவதுதான் முறை. குறுக்குக் கம்பி இல்லாத பெண்கள் வண்டியில் அது இன்னும் சுலபம். வழங்கும் தினத்தன்று உள்ளூர் சைக்கிள் கடைக்காரர் ஒருவரைக் கூலி கொடுத்து அமர்த்தினால், ஒரு நட்டைத் தளர்த்தி, உயர்த்தி, இறுக்கிவிட ஒரு பிள்ளைக்குச் சில நிமிஷங்கள் போதும். வளரும் பருவமாதலால் பன்னிரண்டாம் வகுப்பிலும் ஒருமுறை பார்க்கவேண்டும். சீட்டுக் குழாயில் வரம்புக் கோடு இருந்தால் அது வெளியே தெரியும்படி உயர்த்துவது ஆபத்து. அதற்குமேலும் உயரம் தேவைப்படும் நெடிய பையன்களுக்கு நீளமான குழாய் கொடுக்க டெண்டரிலேயே இடம் வைக்கவேண்டும்.