மேடையில் ஆள் எங்கே?

இவ்வாண்டு சித்திரையில் சங்கச் சந்தா வசூலுக்காகச் செந்துறைப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனேன். கடைசி பஸ் போய்விட்டது. இரவு தங்க நேர்ந்தது. அன்று அங்கே மாரியம்மன் திருவிழா. கோயிலுக்கு எதிரே பெரிய மேடை, கண் கூசும் விளக்குகள், ஆளுயர ஒலிபெருக்கிப் பெட்டிகள், ‘மாபெரும் இன்னிசைக் கச்சேரி’ என்று தட்டி. ஒன்பது மணி சுமாருக்குத் திரை விலகியது. மேடையில் இருந்தவர்கள் மூவர். ஒரு பாடகர், ஒரு பாடகி, மடிக்கணினிக்கு முன்னால் ஒரு பையன். பையன் பொத்தானை அழுத்தினான். வயலின்களும் தபேலாவும் புல்லாங்குழலும் ஒன்றாக முழங்கின. மேடையிலோ ஒரு வாத்தியமும் இல்லை!

கூட்டத்தின் ஓரத்தில் என் பக்கத்தில் ஒரு பெரியவர் நின்றிருந்தார். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. முப்பது வருஷத்துக்கு முன் இந்த வட்டாரத்து மேடைகளில் டோலக் அடித்தவர். இப்போது முந்திரித் தோப்பில் காவல் வேலை.

“என்ன அண்ணே, நீங்க மேடையில இல்லையா?” என்றேன்.

“என்னையத்தான் அந்தப் பொட்டிக்குள்ள போட்டு வச்சிருக்கானுவளே தம்பி” என்றார்.

இதை ஒரு தோழரிடம் சொன்னபோது அவர் சலித்துக்கொண்டார். “ஆலையில் ஒப்பந்தக் கூலிக்கு ஆள் எடுக்கிறான். கட்டுபடியாகும் விலையில்லாமல் சின்ன வெங்காயம் மூட்டையிலேயே அழுகுகிறது. நீர் கச்சேரியைப் பற்றி எழுதப் போகிறீரா?” என்று கேட்டார். ஆம், எழுதத்தான் போகிறேன். டோலக் அடித்தவரும் கூலி இழந்த தொழிலாளிதான். அது மாத்திரமல்ல. வருஷம் முழுவதும் சுண்ணாம்புக்கல் தூசியிலும் பருத்திக்காட்டு வெயிலிலும் உழல்கிறவனுக்குக் கோடையில் கிடைக்கிற நாலு இரவுச் சந்தோஷம் அற்ப விஷயம் என்று யார் சொன்னது?

என் சொந்தக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அது 1996ஆம் ஆண்டுக் கோடை. பெரம்பலூர் தனி மாவட்டமாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. அரியலூர் அப்போது அதற்குள்தான் இருந்தது. பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தேன். எங்கள் பக்கத்தில் கோடை என்றால் முந்திரிப் பறிப்பு. பகலெல்லாம் தோப்பு, இரவெல்லாம் கச்சேரி. கல்லங்குறிச்சித் தேருக்கு நடந்து போனோம். செயங்கொண்டம், உடையார்பாளையம், குன்னம் என்று எங்கே மேடை போட்டாலும் இரவல் சைக்கிளில் இருவர் இருவராகப் போனோம். இரண்டு மாதத்தில் பதினோரு கச்சேரி. பள்ளிக்கூட நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்கு எழுதி வைத்திருந்தேன். என் தாயார் அதைப் பார்த்துவிட்டு, படிப்புக் கணக்கு என்று நினைத்துச் சந்தோஷப்பட்டார்!

அந்நாளில் மேடையில் பத்துப் பேருக்குக் குறையாது. கீபோர்டு, கித்தார், தபேலா, டோலக், பாங்கோஸ், டிரம்ஸ், புல்லாங்குழல். குழல் ஊதியவர் பகலில் தையல்காரர். கித்தார்க்காரர் மோட்டார் கட்டுகிறவர். டி.எம்.எஸ். குரலில் ஒருவர், எஸ்.பி.பி. குரலில் ஒருவர், இரண்டு குரலிலும் ஒரே பெண் பாடகி என்று அறிவிப்பாளர் வர்ணிப்பார். கூட்டத்திலிருந்து நேயர் விருப்பச் சீட்டுகள் மேடைக்குப் போகும். எந்தச் சீட்டு வந்தாலும் அவர்கள் தயங்கமாட்டார்கள். அந்த மே மாதம் வெளிவந்த ‘இந்தியன்’ படப் பாட்டுகளை மாதம் முடிவதற்குள் கச்சேரிக்காரர்கள் வாசித்தார்கள். கேசட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு, ராத்திரி கண்விழித்துப் பழகி, நாற்பது பேர் வாசித்ததைப் பத்துப் பேர் வாசிக்கும்படி அமைத்துக்கொள்வார்கள். இது உழைப்பு இல்லையா?

ஒருநாள் குன்னம் பக்கத்தில் கச்சேரி நடுவில் ஜெனரேட்டர் நின்றது. ஒலிபெருக்கி செத்தது, விளக்கு அணைந்தது. இருட்டில் டோலக்கும் தபேலாவும் மட்டும் நிற்காமல் ஓடின. கூட்டம் கைதட்டித் தாளம் போட்டுப் பாட்டைத் தானே பாடி முடித்தது. கால்மணி நேரம் கழித்து விளக்கு வந்தபோது, ‘ஏன்டா வந்தது’ என்று இருந்தது எங்களுக்கு. இன்றைய மேடையில் மின்சாரம் நின்றால் கச்சேரியும் நின்றுவிடும்.

கச்சேரி இல்லாத நாளுக்குக் கேசட். வளைகுடா நாடுகளுக்குப் போய்த் திரும்பியவர்கள் கொண்டுவந்த ‘டூ இன் ஒன்’ பெட்டிகள் அப்போதே எங்கள் தெருக்களில் பழசாகிவிட்டிருந்தன. அரியலூரில் ஒரு ரிக்கார்டிங் கடை. கோடு போட்ட தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால், ஒரு வாரத்தில் பதிவு செய்து தருவார்கள். 60 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம். நாலரை நிமிடப் பாட்டானால் ஆறு பாட்டு பிடிக்கும். ஏழாவது பாட்டு பல்லவியோடு அறுந்துபோகும். ஆகவே பட்டியல் போடுவது லேசான காரியமல்ல. எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு, மிச்சமாகும் மூன்று நிமிடத்துக்கு எந்தச் சின்னப் பாட்டு என்று தோப்பில் கொட்டை திருகிக்கொண்டே சண்டை போடுவோம். முந்திரிக் கூலியில் வாங்கிய கேசட்டை வேறு யாரும் அழித்துப் பதியாதிருக்க, அதன் முதுகிலுள்ள இரண்டு பிளாஸ்டிக் பல்லை உடைத்துவிடுவோம். கடைசியில் ஒரு நண்பன் வீட்டு டேப் ரிக்கார்டரையே கச்சேரிக்குத் தூக்கிப் போனோம். ஒலிபெருக்கிக்கு எதிரே வேலியில் வைத்துப் பதிவு செய்தோம். பாட்டோடு நாய் குரைப்பும் சுண்டல் விற்பவர் குரலும் சேர்ந்து பதிந்தன.

அதற்கு முன்னால் பல பத்தாண்டுகள் இந்நாட்டின் இசைத்தட்டு வியாபாரம் பெரும்பாலும் கல்கத்தா டம்டம்மில் ஆலை வைத்திருந்த ஒரே கிராமபோன் கம்பெனியின் கையில் இருந்தது. அவன் போட்டதுதான் தட்டு, அவன் சொன்னதுதான் விலை. 1963இல் பிலிப்ஸ் கம்பெனி வெளியிட்ட கேசட், எண்பதுகளில் இங்கே மலிந்தபோது அந்த ஏகபோகம் ஆட்டம் கண்டது. எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்று கூலிக்காரன் தீர்மானிக்க முடிந்தது அப்போதுதான்.

‘அது திருட்டுப் பதிவல்லவா?’ என்று கேட்கலாம். சட்டப்படி அந்தக் கடை குற்றமே, மறைக்கவில்லை. பாட்டு எழுதியவரும் இசையமைத்தவரும் உழைத்தவர்கள். அவர்களுக்குக் கூலி சேர வேண்டும். ஆனால் காசு கொடுத்துக் கம்பெனிக் கேசட் வாங்கியபோது மட்டும் அது அவர்களுக்குச் சேர்ந்ததா? உரிமையை மொத்தமாக எழுதி வாங்கிக்கொண்டவர்களுக்கே போயிற்று. 2012இல்தான் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, உரிமைத்தொகையில் கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் உள்ள பங்கை யாரும் எழுதி வாங்கிவிட முடியாதபடி செய்தார்கள். நல்ல திருத்தம், வரவேற்கிறேன். ஆனால் கிராமத்து மேடையில் டோலக் அடித்தவருக்கு அதில் என்ன கிடைத்தது? அவர் விற்றது அன்றைய இரவின் உழைப்பு. இரவு போனால் கூலியும் போயிற்று.

இதே நிலைமைதான் ஒரு காலத்தில் சென்னை சினிமா ஸ்டுடியோ வாத்தியக்காரர்களுக்கும் இருந்தது. அதை மாற்ற முன்னின்றவர் எம்.பி.சீனிவாசன். கம்யூனிஸ்ட், 1960இல் நிமாய் கோஷ் இயக்கத்தில் வந்த ‘பாதை தெரியுது பார்’ படத்துக்கு இசையமைத்தவர். இசையமைப்பாளர் என்று தனியே உயர்ந்து நின்றுவிடாமல், வயலின் வாசிப்பவரையும் விளக்குப் பிடிப்பவரையும் சங்கமாக்க இறங்கியவர். தென்னிந்தியத் திரைத்துறையில் தொழிற்சங்கம் வேர்விட்டதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. ‘நம்முடைய சங்கீதம் ஒரு தொழில், அதற்குக் கூலி விகிதம் உண்டு’ என்று கேட்கும் தைரியம் ஸ்டுடியோக் கலைஞர்களுக்கு அப்படி வந்தது. ஆனால் அந்தச் சங்கம் கோடம்பாக்கத்தைத் தாண்டிச் செந்துறைக்கு வரவில்லை.

இதில் நமக்கும் பொறுப்பு உண்டு. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் ஆர்மோனியத்தோடு ஊர் ஊராகப் போய் நம் கூட்டங்களில் பாடினார். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் தோட்டத் தொழிலாளர் நடுவே அவர் பாடியதை மூத்த தோழர்கள் பெருமையோடு சொல்லுவார்கள். அவர் பின்னால் மேடையேறிய தம்பிகளில் ஒருவர்தான் 1976இல் ‘அன்னக்கிளி’ படத்தோடு தமிழ்நாடெங்கும் தெரிந்த இளையராஜா. பாவலரைப் பற்றிப் பெருமை பேசுகிறோம். பேசட்டும். ஆனால் அவரைப்போல் ஊர் ஊராக வாசித்துத் திரிந்தவர்களுக்கு இந்த இரண்டு மாவட்டங்களில் நாம் ஒரு சங்கம் வைத்துக் கொடுத்தோமா? எனக்குத் தெரிந்து இல்லை.

பெரிய கச்சேரிகள் நடக்காமலில்லை. 2023 செப்டம்பர் 10ஆம் தேதி சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏ.ஆர்.ரகுமான் கச்சேரி நடந்ததே, நினைவிருக்கிறதா? ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்துச் சீட்டு வாங்கியவர்கள் உள்ளே நுழையவே முடியவில்லை. நெரிசலில் பெண்களும் குழந்தைகளும் பட்ட பாடு பத்திரிகைகளில் வந்தது. ரகுமான் வருத்தம் தெரிவித்தார். பணம் திருப்பித் தரப்பட்டது. கொள்ளும் இடத்துக்கு மேல் சீட்டை விற்றதன் பலன் அது. எங்கள் கிராமத்து மேடைக்குச் சீட்டும் இல்லை, வேலியும் இல்லை.

வேலி இல்லை என்று எழுதியதும் பேனா நின்றது. பல ஊர்களில் மேடை போடுவது ஊர்த்தெருவில். சேரி ஜனங்கள் கூட்டத்தின் கடைசியில், பாதி இருட்டில் நின்று கேட்டதை அந்தப் பதினோரு இரவிலும் பார்த்தேன். பார்த்தும், பாட்டுக் கிறக்கத்தில், எனக்கு அது உறைக்கவில்லை. மேடையில் டோலக் அடித்த அண்ணன் அந்தத் தெருவிலிருந்து வந்தவர். மேடைமேல் இருந்தவரைக்கும் ஊர் அவரைக் கைதட்டியது. இறங்கியதும் டீ வேறு குவளையில் வந்தது. அதை அவர் எனக்கு இந்த வருஷம்தான் சொன்னார்.

இனி மடிக்கணினிக்கு வருவோம். இயந்திரத்தின்மேல் எனக்குப் பகை இல்லை. ஆலைத் தோழர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. புதிய எந்திரம் வந்து ஆறு பேர் வேலையை ஒருவர் செய்தபோது, மிச்சமான ஐந்து பேர் கூலி எங்கே போயிற்று என்பது உங்களுக்குத் தெரியும். மேடையிலும் அதுவே நடந்தது. முதலில் கீபோர்டு வந்து வயலின்காரரை அனுப்பியது. அடுத்துத் தாளப் பெட்டி வந்து தபேலாவை அனுப்பியது. பிறகு கரோக்கி வந்து எல்லோரையும் அனுப்பியது. 2020, 2021 இரண்டு கோடையிலும் கொரோனாவால் திருவிழாவே நின்றது. டோலக் அண்ணன் முதல் கோடையில் தாளப் பெட்டியை விற்றார். மறு கோடையில் டோலக்கையே விற்றார்.

கமிட்டிக்காரர்கள் வேறொரு காரணம் சொல்லுகிறார்கள். “பத்து மணிக்குப் போலீஸ் நிறுத்திவிடுகிறது. ஒரு மணி நேரக் கச்சேரிக்குப் பத்துப் பேர் எதற்கு?” என்கிறார்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிப்படி இரவு பத்து மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது, உண்மை. நோயாளியும் குழந்தையும் தூங்க வேண்டும்; அந்த விதி வேண்டியதே. ஆனால் அதே விதியில், வருஷத்தில் 15 நாளுக்கு மிகாமல் விழாக் காலங்களில் நள்ளிரவு வரை சர்க்கார் அனுமதிக்கலாம் என்றும் இருக்கிறது. அந்த நாட்களில் கிராமத்துச் சித்திரைக்கு ஒரு நாள் கேட்டு யாராவது மனுக் கொடுத்தார்களா?

ஊர் வரி கொடுப்பவர்கள் நாம். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று பங்குனியில் கமிட்டி கூடும்போது, பந்தலுக்கு எவ்வளவு, விளக்குக்கு எவ்வளவு, வாணவேடிக்கைக்கு எவ்வளவு, வாத்தியக்காரருக்கு எவ்வளவு என்று எழுந்து கேளுங்கள். நான் கேட்ட ஊரில் விளக்குச் செலவு, மேடையில் இருந்த மூவர் கூலியைவிட அதிகம். பாதி விளக்கை அணைத்தால் ஐந்து வாத்தியக்காரர் வருவார்கள். அவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பதும் சங்கத்தில் சேர்ப்பதும் எங்கள் வேலை. இரண்டு மாவட்டத்திலும் பெயர் எழுத ஆரம்பித்திருக்கிறேன். உங்கள் ஊரில் யார் இருந்தாலும் தெரிவியுங்கள்.

முதற்பெயர் டோலக் அண்ணனுடையது. அன்றிரவு அவர், “நம்ம அடி எங்கியாவது பதிஞ்சி இருக்குமா தம்பி? பேரன் நம்ப மாட்டேங்கிறான்” என்று கேட்டிருந்தார். வேலியில் வைத்துப் பதிந்த கேசட்டைப் பரணில் தேடி எடுத்தேன். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை. துடைத்து, ஒரு பழைய டூ இன் ஒன்னைப் பழுது பார்க்கச் செய்து, வைகாசியில் அவர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். குரல் தேய்ந்துவிட்டது. டோலக் மட்டும் துல்லியமாகக் கேட்டது. பேரன் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தான். பெரியவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே வந்து, சட்டென்று விரலை உயர்த்தினார்.

“இந்த எடத்துல ஒரு அடி பிந்திட்டேன் பாரு” என்றார்.