டெண்டர் தாளிலே தொழிலாளி எங்கே?



2025ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நாடாளுமன்ற மக்களவையிலே அரசாங்கக் கொள்முதல் மசோதா நிறைவேறியது. அரசாங்கம் யாரிடம் பொருள் வாங்குவது, யாருக்கு வேலை கொடுப்பது என்பதற்கு அதுவரை தனிச் சட்டம் கிடையாது. 1957ஆம் ஆண்டு நிதி நடைமுறைச் சட்டமும் நிதியமைச்சின் சுற்றறிக்கைகளும்தாம் வழிகாட்டி. ஆகவே புதுச் சட்டம் என்றதும் ஒரே பேச்சு. பூமிபுத்திராக்களுக்குரிய சலுகை பத்திரமாக இருக்குமா என்று ஒரு சாரார் பதறினர். சலுகையே கூடாது, மலிவாகக் கேட்பவனுக்கே வேலை என்று இன்னொரு சாரார் முழங்கினர். நம்மவரிலே சிலர், இந்தியக் குத்தகையாளருக்கும் ஒரு பங்கு ஒதுக்கு என்று கை நீட்டினர். பத்திரிகைகளிலே என் கைக்கு அகப்பட்டதையெல்லாம் வரி விடாமல் படித்தேன். கூலி என்ற சொல்லை மட்டும் என் கண் காணவில்லை!

"தோட்டத்துக் கிராணிக்கு டெண்டர் விவகாரம் எதற்கப்பா?" என்று எங்கள் கிளைக் கமிட்டியிலே மூத்தவர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். நமக்குத் தெரிந்ததெல்லாம் பிரட்டு, செக்ரோல், பால் எடை. ஆனால் தோட்டம் வீட்டுமனையாக விற்கப்பட்டபோது லயத்தைக் காலி செய்து போன நம் ஜனங்கள் எங்கே போனார்கள்? பள்ளிக்கூடத்திலே கூட்டப் போனார்கள். ஆஸ்பத்திரியிலே துடைக்கப் போனார்கள். அரசாங்க ஆபீஸ் வாசலிலே காவல் நிற்கப் போனார்கள். ஒரு காலத்திலே அவை அரசாங்க உத்தியோகம். தொண்ணூறுகளிலிருந்து ஒவ்வொன்றாகக் குத்தகைக்குப் போயின. ஆகவே டெண்டர் என்பது நம் வீட்டு விவகாரம்.

எங்கள் பெரியம்மாவைச் சொல்கிறேன். தோட்டம் போனபின் பட்டணத்து மலிவுவிலை அடுக்கு வீட்டுக்குக் குடிபோய், 2011ஆம் ஆண்டு ஓர் அரசாங்கப் பள்ளியிலே துப்புரவு வேலைக்குச் சேர்ந்தார். அன்று முதல் அதே பள்ளி, அதே மாடிப்படி, அதே கழிவறை. ஆனால் கம்பெனி மட்டும் ஐந்து! குத்தகைக் காலம் முடியும், புது டெண்டர் திறக்கும், புது முதலாளி வருவான், புது நிறத்திலே ஒரு சட்டை கொடுப்பான். பழைய சட்டைகளைப் பெரியம்மா தரை துடைக்க வைத்திருக்கிறார். கெட்டித் துணி என்று சொல்வார்.

சென்ற ஆண்டு ஐந்தாவது கம்பெனியின் நியமனக் கடிதத்தை என்னிடம் கொண்டுவந்தார். மலாயிலே இருந்தது. "படித்துச் சொல்லப்பா, சம்பளம் கூடியிருக்கா?" என்றார். சம்பளம் 1,700 வெள்ளி. அதாவது 2025 பிப்ரவரியிலே சட்டம் வைத்த குறைந்தபட்சம். ஒரு வெள்ளி கூட இல்லை. 2013ஆம் ஆண்டு 900 வெள்ளியிலே தொடங்கிய குறைந்தபட்சச் சம்பளம் ஏறிய போதெல்லாம் பெரியம்மாவின் சம்பளமும் ஏறியது. மற்றபடி எந்த முதலாளியும் தன் மனத்தாலே ஒரு காசு ஏற்றியதில்லை. நேற்று வேலைக்கு வந்த பெண்ணுக்கும் 1,700, பதினான்கு ஆண்டு கூட்டியவருக்கும் 1,700.

அந்தக் கடிதத்தின் கடைசி வரிதான் என்னை உறுத்தியது. வேலையில் சேர்ந்த நாள்: கம்பெனி வந்த நாள்!

தோழர்களே, அந்த ஒரு வரியின் விலை என்ன என்று கிராணி முறைப்படி கணக்குப் போட்டேன். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி ஐந்தாண்டுக்கு மேல் ஒரே முதலாளியிடம் உழைத்தவருக்கு ஆண்டு விடுமுறை 16 நாள். இரண்டாண்டு நிறையாதவருக்கு 8 நாள். மருத்துவ விடுப்பு முன்னவருக்கு 22 நாள், பின்னவருக்கு 14 நாள். புதுக் கம்பெனி வந்ததும் பெரியம்மா மறுபடியும் பின்னவர்தாம். மூட்டுவலிக்காக ஆஸ்பத்திரிக்கு நடக்கும் பெண்ணுக்கு எட்டு நாளின் அருமை தெரியும். வேலையை விட்டு நிறுத்தினால் கொடுக்க வேண்டிய ஈட்டுத்தொகையோ, 1980ஆம் ஆண்டு விதிகளின்படி ஐந்தாண்டுக்கு மேல் போனவருக்கு ஆண்டொன்றுக்கு 20 நாள் சம்பளம். பதினான்கு ஆண்டுக்கு 280 நாள் சம்பளம். இந்தப் புதுக் கம்பெனி நாளை நிறுத்தினால் பத்துப் பதினைந்து நாள் சம்பளத்தோடு கணக்குத் தீரும். பதின்மூன்று ஆண்டு உழைப்பு ஐந்து சட்டைக்குள்ளே மறைந்தே போனது.

இப்போது சலுகைக்கு வருவோம். நாம் சலுகைக்கு விரோதிகள் அல்லர். இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், பிறகு எவரும் திரித்துப் பேச வேண்டாம். 1970ஆம் ஆண்டிலே நாட்டின் கம்பெனிப் பங்குகளில் பூமிபுத்திராக்களுக்கு இருந்தது 2.4 சதவீதம், வெளிநாட்டாருக்கு 63.3 சதவீதம். லண்டனிலே உட்கார்ந்துகொண்டு நம் பாலைக் குடித்த ரப்பர்க் கம்பெனிகளும் அந்த 63க்குள் அடக்கம். அந்த நிலை மாற வேண்டியதே. 1971இல் வந்த புதிய பொருளாதாரக் கொள்கை இரண்டு காரியம் செய்வதாகச் சொன்னது. முதலாவது, இன வேறுபாடின்றி வறுமையை ஒழிப்பது. இரண்டாவது, இன்ன இனத்தாருக்கு இன்ன தொழில் என்ற நிலையை மாற்றுவது. 1990க்குள் 30 சதவீதப் பங்கு என்ற இலக்கு அந்த இரண்டாவதின் கீழ் வந்தது.

டெண்டர் விதிகள் இரண்டாவதை இறுகப் பிடித்துக்கொண்டன; முதலாவதை வாசலிலேயே விட்டுவிட்டன. நிதியமைச்சின் விதிகள் பல்லாண்டாகச் சொல்லி வந்தது இதுதான்: சிறு கொள்முதல்களும் கடைநிலைக் குத்தகையாளர் வகுப்பின் வேலைகளும் பூமிபுத்திராக்களுக்கே ஒதுக்கீடு. அதற்கு மேல் போட்டி உண்டு, ஆனால் விலைச் சலுகையும் உண்டு. ஐந்து லட்சம் வெள்ளி வரை 10 சதவீதம். தொகை கூடக் கூட 7, 5, 3, இரண்டரை என்று இறங்கி, ஒன்றரைக் கோடிக்கு மேல் சலுகை இல்லை.

நான்கு லட்சம் வெள்ளிக்கு ஓராண்டுத் துப்புரவுக் குத்தகை என்று வைத்துக்கொள்வோம். சலுகைக்காரர் நான்கு லட்சத்து நாற்பதாயிரம் கேட்டாலும் வேலை அவருக்கே கிடைக்கலாம். அந்த நாற்பதாயிரம் ஜனங்களின் வரிப்பணம். ஒரு சமூகத்தைத் தூக்கிவிட நாடு மனமுவந்து கொடுக்கும் பணம். கொடுக்கட்டும்! அங்கே கூட்டுவோர் பத்துப் பேர் என்றால், தலைக்கு மாதம் 333 வெள்ளி அந்தப் பணத்திலே அடங்கியிருக்கிறது. பத்துப் பேரில் எவராவது அதிலே 33 வெள்ளியைக் கண்ணால் கண்டதுண்டா?

பெரியம்மாவோடு அதே பள்ளியிலே கீழ்மாடி கூட்டுகிறார் ஒரு மலாய்க்கார அம்மாள். பெரியம்மா "மக்சிக்" என்றுதான் கூப்பிடுவார். இருவரும் ஒரே போத்தல் தேநீரைப் பகிர்ந்து குடிப்பவர்கள். சலுகை யார் பெயராலே கொடுக்கப்படுகிறதோ, அந்தச் சமூகத்துப் பெண் இவர். இவருக்கும் எட்டு நாள் விடுமுறை. இவருக்கும் ஐந்து சட்டை. பூமிபுத்திரா சலுகை இந்த பூமிபுத்திராவின் வீட்டுக் கதவைத் தட்டவே இல்லையே! தட்டியிருந்தால் நாமும் கைதட்டியிருப்போம்.

காரணம் எளிது. சலுகைத் தகுதியைப் பார்ப்பவர்கள் பங்குதாரர் யார், 51 சதவீதம் எவர் கையில் என்று பார்க்கிறார்கள். குறைந்தபட்சச் சம்பளம் கொடு, சேமநிதி கட்டு, சொக்சோ கட்டு என்று ஒப்பந்தத்திலே வரி உண்டு என்பார்கள். அது சந்தையில் கறிக்கடை வைத்திருப்பவனுக்கும் உள்ள கடமை; அதற்குப் பெயர் கைதூக்கிவிடுவதா? போதாக்குறைக்கு "அலி பாபா" வியாபாரம் வேறு. லைசென்ஸ் அலியுடையது, வேலை பாபாவுடையது. அலி தன் பெயருக்கு ஒரு பங்கை எடுத்துக்கொண்டு கைமாற்றுகிறார். பாபா தன் லாபத்தை எடுத்துக்கொண்டு இன்னொரு துணைக் குத்தகைக்காரரிடம் தள்ளுகிறார். ஒவ்வொரு கை மாறும்போதும் ஒரு துண்டு கழிகிறது. கழிக்க எங்கே இடம் இருக்கிறது? சோப்புத் தண்ணீரிலே கொஞ்சம், ஆள் எண்ணிக்கையிலே மிச்சம். ஐந்து பேர் வேலையை மூன்று பேர் செய்கிறார்கள்.

தோட்டத்திலே நாம் பார்க்காததா? 1981 செப்டம்பரிலே லண்டன் பங்குச் சந்தையில் ஒரே காலையிலே கத்ரி கம்பெனி பெர்மோடாலான் நேஷனலின் கைக்கு வந்தது. பத்திரிகைகள் கொண்டாடின, நாட்டுச் சொத்து நாட்டுக்கு வந்தது நல்ல காரியமே. ஆனால் பால்வெட்டுக்காரனுக்கு மறுநாள் பிரட்டு முந்தின நாளைப் போலவே இருட்டோடு நடந்தது.

இனி நம்மவரிடம் ஒரு வார்த்தை. இந்தியக் குத்தகையாளருக்குப் பங்கு கேட்கும் தலைவர்களே, கேளுங்கள், தடுக்கவில்லை. ஆனால் அதை "சமூகத்தின் முன்னேற்றம்" என்று சொல்லி எங்கள் தோளிலே ஏறாதீர்கள். பெரியம்மாவின் மூன்றாவது முதலாளி நம் இனத்தவர்தாம். பொங்கலுக்கு ஆளுக்கொரு பை அரிசி கொடுத்தார். நாலு மாதம் சேமநிதி கட்டவில்லை. தமிழிலேதான் ஏசினார். அந்த நாலு மாதப் பணம் வர, நான் எத்தனை கடிதம் எழுதினேன் என்பது என் தட்டச்சுக்குத் தெரியும்.

சலுகையை ஒழித்து மலிவாகக் கேட்பவனுக்கே கொடு என்பவர்கள் நம் நண்பர்கள் என்றும் எண்ணிவிடாதீர்கள். துப்புரவு வேலையிலே இயந்திரமா ஓடுகிறது, மலிவாகக் கேட்க? செலவெல்லாம் கூலிதானே! 1,700 வெள்ளிச் சம்பளத்துக்கு முதலாளி கட்டும் சேமநிதி 13 சதவீதம், 221 வெள்ளி. அதன்மேல் சொக்சோ. இதற்குக் கீழே ஒருவன் விலை கேட்கிறான் என்றால் ஏதோ ஒன்றை விழுங்கப்போகிறான் என்று டெண்டர் திறக்கும் அதிகாரிக்குத் தெரியாதா? தெரிந்தும் மலிவென்று கையெழுத்திடும் அரசாங்கம், அந்தத் திருட்டுக்கு உடந்தையல்லாமல் வேறென்ன?

வழியில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். வெள்ளையர் ஆட்சியின் அநியாயத்தைச் சரிசெய்ய அங்கேயும் டெண்டரில் சலுகை உண்டு. 2000ஆம் ஆண்டுச் சட்டம் விலைக்கு 80 புள்ளி, சலுகைக்கு 20 புள்ளி என்றும், பெரிய குத்தகைக்கு 90, 10 என்றும் வகுத்தது. நேட்டால் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிய நம் ஜனங்களின் சந்ததியும் அந்நாட்டின் பொருளாதார அதிகாரமளிப்புச் சட்டத்துக்குள் அடக்கம். அங்கேயும் அலி பாபா உண்டு. 2013ஆம் ஆண்டுத் திருத்தம் அதைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது. ஆனால் கம்பெனிக்கு மதிப்பெண் போடும்போது பங்கு யாருடையது என்பதோடு நிற்காமல், தொழிலாளிக்குப் பயிற்சி கொடுத்தாயா என்பதையும் எண்ணுகிறார்கள். அவர்களுடைய தொழிலுறவுச் சட்டத்தின் 197ஆவது பிரிவின்படி, தொழில் இயங்கும் நிலையிலேயே கைமாறினால் வேலையாளும் அவருடைய சேவைக் காலமும் புது முதலாளியிடம் போய்ச் சேரும். ஒரு குத்தகையாளரிடமிருந்து அடுத்தவருக்கு மாறும்போதும் அந்தப் பிரிவு பொருந்தலாம் என்று 2011இல் அவர்களுடைய அரசியல் சட்ட நீதிமன்றமே தீர்ப்பளித்தது.

அவ்வளவு தூரம் போவானேன்? ஜொகூர் பாலத்துக்கு அந்தப்புறம் சிங்கப்பூரிலே, 2014 முதல் துப்புரவுக் கம்பெனிக்கு லைசென்ஸ் வேண்டுமானால் படிப்படியாக உயரும் சம்பள முறையை ஏற்றாக வேண்டும். அந்த நாட்டு முறையிலே நாம் குறை காணும் இடம் பல. இது அவற்றில் ஒன்றல்ல.

1949ஆம் ஆண்டிலே மலாயாவில் அரசாங்க ஒப்பந்தச் சட்டம் வந்தது. அரசாங்கத்தின் பெயரால் யார் கையெழுத்திடலாம் என்று சொன்னது. அதே ஆண்டு அனைத்துலகத் தொழில் நிறுவனம் தன் 94ஆவது உடன்படிக்கையை நிறைவேற்றி, அந்தக் கையெழுத்துக்கு மேலே தொழிலாளியின் கூலியையும் நேரத்தையும் பற்றி என்ன எழுத வேண்டும் என்று சொன்னது. முதலாவதை இங்கே நாள்தோறும் பயன்படுத்துகிறார்கள்.

புதுச் சட்டத்தின் கீழ் விதிகள் எழுதுவோரிடம் நாம் கேட்பது பெரிய காரியமல்ல. குத்தகை மாறினாலும் ஆள் மாறாத இடத்திலே சேவைக் காலம் தொடர வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள். அனுபவத்துக்கு ஏற்ற சம்பளம் கொடுக்கும் கம்பெனிக்குப் புள்ளி கொடுங்கள், அது எந்த இனத்தான் கம்பெனியானாலும். சலுகைப் பணத்திலே இத்தனை பங்கு கூலியாகப் போக வேண்டும் என்று விதியுங்கள். கூட்டுகிறவர்களே கூடிக் கூட்டுறவு அமைத்து டெண்டர் கேட்டால் அவர்களுக்கும் சலுகை கொடுங்கள். நம்மால் ஆகாது என்று நினைக்காதீர்கள் தோழர்களே! தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்திலே, 1960இல், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது மாதம் பத்து வெள்ளி கட்டித் தோட்டம் வாங்கியவர்கள், கையிலே பால்கத்தி பிடித்த நம் தாத்தா பாட்டிமார்தாம்.

உங்கள் வீட்டிலோ சொந்தத்திலோ அரசாங்கக் கட்டடத்திலே குத்தகை வேலை செய்பவர் இருந்தால், ஒவ்வொரு கம்பெனி கொடுத்த நியமனக் கடிதத்தையும் சம்பளச் சீட்டையும் தூக்கி எறியாமல் கிளைச் செயலாளரிடம் கொண்டுவாருங்கள். மலாய்க்கார, சீன சகோதரர்களுடையதும் வேண்டும். நகல் எடுத்துக்கொண்டு மூலத்தை அன்றே திருப்பித் தருவோம். பெரியம்மாவின் கடிதங்களில் நான்குதான் கிடைத்திருக்கின்றன; இரண்டாவது கம்பெனி கடிதமே கொடுக்கவில்லையாம். மக்சிக் தன்னுடையது ஐந்தையும் பிஸ்கட் டின்னிலே போட்டு வைத்திருந்தார். அவற்றிலிருந்துதான் கோப்பைத் தொடங்கியிருக்கிறோம்.